சுவரைத் தாண்டி வந்த ஆவி

பொன்னுலிங்கம் தானாக நடந்து வந்து ஆவி தருகிறேன் என்று சொன்ன அன்றைக்கே குளோரிக்கு அது நேராகப் படவில்லை.

கருங்கல் சந்தையிலிருந்து புதுக்கடைக்குப் போகிற ரோட்டில், அவளுடைய சோப்புக் கம்பெனியும் அவருடைய நெல்லு மில்லும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமாக இருந்தன. இத்தனை வருஷத்தில் அந்த மதிலைத் தாண்டி வந்தது உமித்தூசியும் புகையும் மட்டும்தான். உலரப் போட்ட சோப்புக் கட்டிகளில் கரும்புள்ளி விழுகிறது என்று அவள் கணவன் ஜெபதாஸ் பலமுறை சண்டைக்குப் போயிருக்கிறான். அவன் விஷக்காய்ச்சலில் செத்தபோது பொன்னுலிங்கம் வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு போக்குவரத்தே இல்லை. அப்படிப்பட்ட மனிதர் இப்போது உள்ளே வந்து, சோப்புக் காரம் வந்த காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தங்கச்சி என்று கூப்பிட்டுப் பேசினார்.

மில்லில் நெல் அவிக்கிற வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் பாயிலர் சூடாகத்தான் கிடக்கும். மிஞ்சிய ஆவியை வானத்துக்குத் திறந்துவிடுவார்கள். அதை ஒரு குழாயில் மதிலுக்கு இந்தப் பக்கம் விட்டால் அவளுடைய சோப்புக் கொப்பரை கொதிக்கும், விறகு வேண்டியதில்லை. பதிலுக்கு அவர் கேட்டது இரண்டு. அவளுடைய தேங்காய் உடைக்கிற கொட்டகையில் மலைபோலக் கிடக்கும் சிரட்டையெல்லாம் அவருக்கு வேண்டும், உமியோடு சேர்த்து எரிக்க. நெல் உலர்த்த அவளுடைய பின்முற்றமும் வேண்டும்.

"வெறுதே வானத்துக்குப் போற ஆவி உனக்கக் கொப்பரைக்குப் போனா ஆருக்கு நட்டம்?" என்று கேட்டார்.

யாருக்கும் நட்டமில்லை. அதுதான் அவளை உறுத்தியது. யாருக்கும் நட்டமில்லாத காரியத்தைச் சொல்ல இந்த மனிதர் ஏன் இத்தனை வருஷம் காத்திருந்தார்?

ஆனாலும் சம்மதித்தாள். குலசேகரம் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த விறகு லாரி வாரக்கணக்கில் வராமல் போவதும், வந்தால் பச்சை ரப்பர் விறகாக வருவதும் அந்த வருஷம் வழக்கமாகிவிட்டிருந்தது. கரண்டு வரும், கரண்டு வரும் என்று தேர்தலுக்கு வந்தவர்கள் சொல்லிப் போனதோடு சரி. போதாததற்கு, விறகுத் தீ சொன்னபடி கேட்பதில்லை. திடீரென்று பற்றினால் கொப்பரையில் எண்ணெயும் காரமும் பொங்கி வழியும். அப்படி ஒருநாள் பொங்கியதில்தான், ஜெபதாஸ் காலம் தொட்டே துடுப்புப் போடுகிற ஏசுஅடிமைக்குக் கணுக்காலிலிருந்து முட்டுவரை வெந்துபோயிற்று. அவர் விந்தி விந்தி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் குளோரிக்குத் தன் காலே எரியும்.

குழாய் வந்தது. கொப்பரைக்குள் சுருள்சுருளாக இறங்கிய அந்த இரும்புக்குள் ஆவி பாய்ந்ததும் சோப்பு அடியிலிருந்து மெல்லத் திரண்டு, பாயசம்போல ஒரே சீராகக் கொதித்தது. அடிப்பிடிக்கவில்லை, பொங்கவில்லை. வால்வைத் திருகினால் அடங்கியது. உப்பைப் போட்டதும் தண்ணீர் தனியே இறங்கி, வெள்ளை வெளேரென்று சோப்பு மேலே மிதந்தது. ஏசுஅடிமை துடுப்பைப் பிடித்தபடி சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரு கும்பப்பூ அறுவடையும் ஒரு கன்னிப்பூ அறுவடையும் அப்படியே நல்லபடியாகப் போயின. புதுக்கடை, கருங்கல், குளச்சல்வரை அவள் சோப்பு போயிற்று. பின்முற்றத்தில் நெல் உலர்ந்தது. சிரட்டை வண்டி வண்டியாக அந்தப் பக்கம் போயிற்று. ஒரே ஒரு காரியம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. பொன்னுலிங்கம் பாயிலர் அறையை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை. ஒருதரம் சும்மா பார்க்கலாம் என்று போனவளை, உள்ளே கரியும் சூடும் தங்கச்சி, சேலை பாழாகும் என்று வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கதவில் பூட்டு தொங்கியது. ஆவி விற்கிறவனுக்குப் பூட்டு என்னத்துக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஓணம் கழிந்த பிறகு ஆவி குறையத் தொடங்கியது.

முதலில் ஏதோ ஒருநாள் என்று விட்டாள். பிறகு அடிக்கடி ஆயிற்று. கொப்பரை கொதிக்க மாட்டாமல் முனகிக்கொண்டே கிடக்கும். உப்பைப் போட்டாலும் பிரியாது. வார்த்து எடுத்த கட்டி கையில் பிசுபிசுக்கும். குளோரி சோப்பு இப்போதெல்லாம் வாளி வெள்ளத்தைக் கண்டதும் கரையுது என்று புதுக்கடைச் சந்தையில் ஒரு கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்.

போய்க் கேட்டாள். மழையில் உமி நனைந்துவிட்டது என்றார் பொன்னுலிங்கம். அடுத்த தடவை கேட்டபோது தீப்போடுகிற ஆள் வரவில்லை என்றார். அதற்கடுத்த தடவை, உன் சிரட்டைதான் சரியில்லை, பச்சையாக வருகிறது என்று அவள் மேலேயே திருப்பினார். அன்று திரும்பி வரும் வழியில் அவள் உமிக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளங்கையில் சரசரவென்று உதிர்ந்தது. ஒரு துளி ஈரம் இல்லை.

பொய் சொல்லுகிறார் என்பது தெரிந்துவிட்டது. எதற்கு என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்லித் தந்தது எண்ணெய்த் தரகன் முத்துநாயகம். எல்லாக் கடைத் திண்ணையிலும் ஏறி இறங்குகிறவன். எதையும் பாதிதான் சொல்லுவான், மீதியைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்ள விட்டுவிடுவான். கொல்லத்திலிருந்து ஓர் ஆள் தோல்பெட்டியும் கையுமாக மில்லுக்கு வந்து போவதாகச் சொன்னான். முன்வாசல் வழியாக வருவதில்லையாம். பொன்னுலிங்கமும் கொல்லத்துக்குப் போய்க் கனத்த இரும்புத் தகடு விசாரித்தாராம்.

"நெல்லு குத்துதவனுக்கு இரும்புத் தகடு என்னத்துக்கு அக்கா? பெரிய கொப்பரை கிப்பரை செய்யப் போறாரோ, என்னமோ. எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்று ராத்திரி அவள் உட்கார்ந்து யோசித்தாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. முதலில் ஆவியைக் காட்டி விறகை விடவைத்தார். அவள் அடுப்பை இடித்துத் தள்ளினாள். பின்முற்றத்தில் நெல் உலர்த்துகிற சாக்கில் அவருடைய ஆட்கள் நாள்முழுக்க அவள் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காரம், உப்பு எப்போது விழுகிறது, எல்லாம் பார்த்தாயிற்று. இனி ஆவியைக் குறைத்துக் குறைத்து அவள் பெயரைக் கெடுத்துவிட்டு, அவரே கொப்பரை போட்டுச் சோப்புக் காய்ச்சுவார். கொழும்பில் வெள்ளைக்காரன் கம்பெனியில் கிடந்து ஜெபதாஸ் கற்றுக்கொண்டு வந்த வித்தை மதில் ஏறிக் குதித்துப் போய்விடும்.

மறுநாள் முதல் அவள் ஆளே மாறிவிட்டாள். காரம் கரைக்கிற வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்தாள். ஏசுஅடிமையைக்கூட உள்ளே விடவில்லை. சிரட்டையில் பாதியைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சபைக் கோயிலுக்குப் பக்கத்துத் தென்னை விளையில், யாருக்கும் தெரியாமல் காய்ந்த விறகு வாங்கி அடுக்கினாள். என்றைக்கு அவர் குழாயை மூடினாலும் மறுநாளே அடுப்புக் கட்டித் தீப்போட்டுவிடுவது என்று முடிவோடு இருந்தாள்.

சிரட்டை குறைந்ததும் பொன்னுலிங்கமும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். நேருக்கு நேர் வந்தால் இருவரும் சுகம் விசாரித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அப்போதுதான் இசபெல் காரியம் நடந்தது. இசபெல் இனயம் கடற்கரைப் பெண். மதிலோரம் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, சோப்புக்குத் தாள் சுற்றுகிற வேலை. அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே மற்றப் பெண்கள் நின்றுவிடுவார்கள். குளோரிக்கு அவள்மேல் தனிப் பிரியம் உண்டு. அந்த இசபெல், ஒரு மத்தியானம் பின்முற்றத்து வேலியோரமாக, தோல்பெட்டி வைத்திருந்த அந்நியன் ஒருவனோடு நின்று பேசுவதைக் குளோரி கண்டாள். அவன் கையை நீட்டிச் சோப்புக் கொட்டகையைக் காட்டி ஏதோ கேட்டான். இசபெல் தலையாட்டித் தலையாட்டிப் பதில் சொன்னாள்.

பெண் உள்ளே வந்ததும் குளோரி, நாளை முதல் நீ தேங்காய்க் கொட்டகைக்குப் போ, தேங்காய் உடை என்றாள்.

இசபெல் விழித்தாள். "அக்கா, அந்த ஆளு எனக்ககிட்ட என்ன சொன்னாருன்னா..."

"எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம். நீ அங்கன போயி இருந்தா மட்டும் மதி."

"ஒரு காரியம் அக்கா, நீங்க கேட்டா..."

"ஏட்டி, நான் சொன்னது கேட்டியா, இல்லியா?"

இசபெல் கேட்டாள். மறுநாள் தேங்காய் உடைத்தாள். அதற்கடுத்த நாளும் உடைத்தாள். கத்தி பழகாத கை, விரலெல்லாம் கிழிந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அவள் இருந்த இடத்தில் வேறு இரண்டு பெண்களைக் குளோரி உட்கார்த்திவைத்தாள். ஏசுஅடிமை மட்டும், நல்ல பிள்ளை அது, என்று யாருக்கோ சொல்லுவதுபோலச் சொன்னார். குளோரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் ஆவி ஒரேயடியாக நின்றது. மில்லில் சங்கும் ஊதவில்லை. காலையில் முற்றத்துக்கு வந்தவள், தோல்பெட்டிக்காரன் பின்பக்கமாக மில்லுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டாள். இன்று விடுவதில்லை என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நெல்லை மிதித்தபடி நேராக நடந்தாள். மறிக்க வந்த வேலைக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். பாயிலர் அறைக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே கொப்பரை இல்லை. காரம் இல்லை, எண்ணெய் இல்லை. தீ அணைந்த அடுப்பு வாய்க்குள் அந்தக் கொல்லத்துக்காரனுடைய இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. பாயிலரின் முகத்தகட்டில், குழாய்கள் வந்து சேருகிற இடத்திலெல்லாம் உப்புப் பூத்ததுபோல வெள்ளை வெள்ளையாகக் காரை கட்டியிருந்தது; அதிலிருந்து தண்ணீர் கசிந்து, துருவோடு கோடுகோடாக இறங்கியிருந்தது. சில குழாய்களை இரும்பு ஆப்பு வைத்து அடைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு சாக்கில் பொன்னுலிங்கம் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாளான முகம்.

அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"பாத்தாச்சுல்லா" என்றார்.

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கத் தொடங்கியபோது கசிந்திருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஓணத்துக்கு முன்பே ஒழுகத் தொடங்கிவிட்டது என்றார். முழு அழுத்தத்துக்கு ஏற்றினால் தாங்காது, வெடிக்கும் என்று இந்தக் கொல்லத்து மேஸ்திரி சொன்னதால் தீயைக் குறைத்து ஓட்டினாராம். உள்ளதில் முதலில் நெல்லுக்கு, மிஞ்சியது அவளுக்கு. கொல்லத்தில் விசாரித்த இரும்புத் தகடு இந்த முகத்தகட்டுக்கு ஒட்டுப் போடத்தான். பகலில் முன்வாசல் வழியாக மேஸ்திரி வந்தால் ஊர் கேட்கும், ஊர் கேட்டால் திருவனந்தபுரத்திலிருந்து பாயிலர் இன்ஸ்பெக்டர் வருவார், வந்தால் முத்திரை வைத்துவிட்டுப் போவார்.

மேஸ்திரி அடுப்பு வாய்க்குள்ளிருந்து நெளிந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கரி. குளோரியைப் பார்த்ததும், சோப்புக் கம்பெனிக்காரி நீங்கதானா என்று கேட்டான்.

"உங்க அங்கன தாள் சுத்துத பெண்ணிட்ட ஞான் அன்னைக்கே சொன்னதாணே, மதிலோரம் ஆரும் இருக்க வேண்டாம்னு. பெஞ்சை மாத்திப் போடச் சொன்னேன். அவ சொல்லல்லியா?"

பொன்னுலிங்கம் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். அவன் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. குளோரி பாயிலருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பாயிலரின் பின்புறத்துக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் ஆள் புகுந்து போகிற இடம்தான் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெஞ்சு. பெஞ்சில் இப்போது இரண்டு பெண்கள் பேசிச் சிரித்தபடி தாள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவள் உட்கார்த்திவைத்த பெண்கள்.

"நீங்க எனக்க சோப்பைக் களவாண்டுட்டுப் போறியன்னு நினைச்சேன் அண்ணாச்சி. ராவும் பகலும் அதையே நினைச்சேன்" என்றாள். "அதாயிருந்திருந்தா எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நீ குழாயை மூடிப் போட்டிருப்ப. சிரட்டை வராது. சிரட்டை இல்லாம உமியை மட்டும் வச்சு என்ன செய்யியது? கொஞ்ச நாள் ஓட்டிக்கிட்டா புது பாயிலருக்கு ஒரு வழி பாக்கலாம்னு இருந்தேன். நீயும் சிரட்டையைக் கொறச்ச. உனக்கு ஆரோ சொல்லிப் போட்டாவன்னு பேடிச்சு எனக்கு ஒறக்கமும் போச்சு."

அவள் திரும்பி, ஓட்டமும் நடையுமாகத் தன் கொட்டகைக்கு வந்து, பெண்களை எழுப்பி ரோட்டோரப் புளிய மரத்தடிக்கு அனுப்பினாள். வால்வை அடைத்து, ஏசுஅடிமையைக்கொண்டு குழாயைக் கழற்றவைத்தாள். பிறகு திரும்பவும் மில்லுக்குப் போனாள். இனி இந்தப் பாயிலரில் தீ வைத்தால், அடுத்த பஸ்ஸில் தானே திருவனந்தபுரம் போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டி வருவேன் என்று சொன்னாள்.

பொன்னுலிங்கத்தின் கண் கலங்கியது அப்போதுதான். தொட்டி நிறைய நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஊரார் கொடுத்த நெல். இன்று அவிக்காவிட்டால் நாளை நாறும், மாட்டுக்குக்கூட ஆகாது. ஒரே ஒருநாள் மட்டும், குறைந்த தீயில், என்று கெஞ்சினார். முடியாது என்றாள். மேஸ்திரியும் வேண்டாம் என்றுதான் தலையாட்டினான்.

நெல்லை அழுகவிட அவளுக்கும் மனம் வரவில்லை. கொடுத்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் சோப்பு வாங்குகிறவர்கள். சபைக் கோயிலிலிருந்து கல்யாணச் சோறு வடிக்கிற பெரிய வார்ப்புகளை எடுத்துவரச் சொன்னாள். பொன்னுலிங்கம் கும்பிடப் போகிற நிழல்தாங்கலிலிருந்தும் அன்னதர்மத்துக்கு வைத்திருந்த வார்ப்புகள் வந்தன. முற்றத்தில் கல்லைக் கூட்டி அடுப்பாக்கினார்கள். அவருக்கு எதிராக அவள் ஒளித்து அடுக்கியிருந்த விறகும் சிரட்டையும் வண்டியேறி வந்து இறங்கியபோது பொன்னுலிங்கம் அதைப் பார்த்தார், அவளையும் பார்த்தார், பிறகு ஒரு கட்டு விறகைத் தோளில் ஏற்றிக்கொண்டார். புளிய மரத்தடிப் பெண்களும் மில்லுக்காரர்களும் சேர்ந்து பொழுது சாயும்வரை நெல் அவித்தார்கள். புகையில் எல்லோருக்கும் கண் சிவந்தது. கொஞ்சம் நெல் குழைந்துபோனது. மீதி தப்பியது.

இன்ஸ்பெக்டருக்குப் பொன்னுலிங்கமே ஆளனுப்பினார். வந்தவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி, இதில் இத்தனை நாள் தீப்போட்டது யார் என்று கேட்டார். அந்தப் பாயிலரை அவர் மீண்டும் ஓட்ட விடவில்லை.

ஊரில் பலரும் நினைத்ததுபோல அதோடு இருவருக்கும் இருந்த ஏற்பாடு முறிந்துவிடவில்லை. முறிக்க வழியில்லை. விறகு அப்போதும் வரவில்லை, கரண்டும் வரவில்லை. அவருக்குச் சிரட்டை வேண்டும், அவளுக்கு ஆவி வேண்டும். மதுரைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து சின்னதாக ஒரு பாயிலர் இருவர் பேரிலும் வந்தது. அதை மதிலிலிருந்து தள்ளி, பின்முற்றத்தின் நடுவே வைக்க வேண்டும் என்றாள் குளோரி. கதவுக்கு இரண்டு சாவி வேண்டும் என்றாள். இரண்டுக்கும் அவர் சம்மதித்தார். தன் பங்குக்கு அவர் ஒன்று கேட்டார்: சிரட்டைக் கொட்டகைக்கும் தனக்கு ஒரு சாவி வேண்டும். அவளும் கொடுத்தாள்.

இப்போது தினமும் காலையில் அவள் பாயிலர் அறைக்குப் போய் அழுத்தம் காட்டுகிற முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். குழாய் மூட்டுகளில் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவுவாள். அவர் சிரட்டைக் கொட்டகையை எட்டிப் பார்ப்பார். எதிரெதிரே வந்தால் சுகம் விசாரித்துக்கொள்வார்கள். சோப்பு முன்போல வெள்ளையாக வந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பிய புதுக்கடைக்காரர் ஆளனுப்பி வாங்கினார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளோரி இனயத்துக்குப் போனாள். இசபெல் வீட்டு முன்னால், மணலில் உட்கார்ந்து வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் காயங்கள் ஆறி வெள்ளைக் கோடுகளாக இருந்தன. எழுந்து, வாங்க அக்கா என்று சொல்லித் உட்கார மணையை எடுத்துப் போட்டாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குளோரி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, திரும்பி வா மக்கா, பெஞ்சை ரோட்டோர ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்றாள்.

இசபெல் வலைக் கண்ணைக் கோத்து முடிச்சிட்டாள்.

"இல்லக்கா. எனக்கு இங்கனயே ஜோலி இருக்கு" என்றாள். அடுத்த முடிச்சை இறுக்கிவிட்டு, "நானும் அந்தப் பெஞ்சிலதானே இருந்தேன். எனக்கும் பயமாட்டுதான் இருந்துது. அதுக்காகவாவது கேப்பியன்னு நினைச்சேன்" என்றாள்.

குளோரி காப்பியைக் குடித்து முடித்தாள். இசபெல் ரோடுவரை கூட வந்து, கருங்கல் பஸ் இந்தப் பக்கம்தான் நிற்கும் என்று காட்டிவிட்டு, பஸ் வருமுன்னே திரும்பிப் போனாள்.